கோத்தகிரிக்கு மூணு பேர்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க. எனக்கு வெளிய பாத்துட்டு வர்றதுக்கு ஒண்ணுமில்லை. காங்கேயத்துல எறங்கறீங்களா? நான் திருப்பூரு. கரூர்ல ஒரு காதுகுத்துங்க, அதுக்குத்தான் இந்தப் பட்டுச் சேலை. இல்லீங்க, சாப்பிடலை. பசிக்கலை. பிஸ்கட் வேண்டாம், நீங்க சாப்பிடுங்க.

யாரு கொழந்தைக்கா? என்ற தம்பி கொழந்தைக்குத்தான். நான் அத்தைக்காரி. அத்தைக்காரி பந்தியில உக்காராம, விருந்தாளிக இருக்கறப்பவே பஸ் ஏறிட்டாளேன்னு உங்களுக்குத் தோணும். தோணத்தான் செய்யும். நீங்களே கேட்டுப்போட்டுச் சொல்லுங்க, நான் பண்ணுனது தப்பான்னு. இதுவரைக்கும் யாருகிட்டயும் முழுசாச் சொன்னதில்லை. வாயைத் தொறந்தா, அதெல்லாம் முடிஞ்சு போச்சு வுடுங்கறாங்க. அவங்களுக்கு முடிஞ்சு போச்சு.

என்ற பேரு மங்கையர்க்கரசிங்க. மங்கைன்னு கூப்பிடுவாங்க. பனியன் கம்பெனியில செக்கிங்ல இருபத்தஞ்சு வருசம் இருந்தேன். தம்பி பேரு பூபதி. எனக்கும் அவனுக்கும் பதினாலு வருசம் வித்தியாசம். அவனுக்கு ரெண்டு வயசா இருக்கறப்ப எங்கம்மா போயிட்டாங்க. அன்னையிலிருந்து அவன் என்ற இடுப்புலதான் இருந்தான். பள்ளிக்கூடம் போற வரைக்கும் என்னை அம்மான்னுதான் கூப்பிட்டான். அப்புறம் யாரோ சொல்லிக் குடுத்து அக்கான்னு மாத்திக்கிட்டான். எனக்கு ரெண்டு மாப்பிள்ளை வந்துச்சு. ஒருத்தரு தாராபுரம், நல்ல மனுசன். நான் போயிட்டா இவனுக்கு யாரு சோறாக்கிப் போடறதுன்னு வேண்டாம்னுட்டேன். அதை நான் ஒரு நாளும் சொல்லிக் காட்டுனதில்லீங்க. சும்மா எப்பவாவது, பேச்சுவாக்குல, அவன் சாப்பிடாம எந்திரிச்சா மட்டும் சொல்லுவேன்.

அவன் படிச்சு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்சண்டைசர் ஆனான். கல்யாணம் பண்ணி வெச்சேன். பொண்ணு கரூரு, நித்யகலா. படிச்ச புள்ளை, அதிர்ந்து பேசாது. கல்யாணத்துக்கு முன்னாடி அதுவும் ஒரு கம்பெனியில கணக்குப் பாத்துட்டு இருந்துச்சு. ஒரே ஊட்டுல மூணு பேரும் இருந்தோம். நாலு வருசம் கழிச்சுக் கொழந்தை. பொண்ணு. அதுக ஏதோ ஆத்விகான்னு பேரு வெச்சிருக்குதுக. எனக்கு அது நாக்குல நிக்கலை. நான் பாவாயின்னுதான் கூப்பிடுவேன். எங்கம்மா பேரு. அம்மாவே வந்து பொறந்துட்டான்னு எனக்கு முதல் நாளே தெரியும். நித்யா ஒரு தடவை, "அண்ணி, அவ பேரைச் சொல்லியே கூப்பிடுங்களேன்"னு சொல்லிச்சு. இதுதானே அவ பேருன்னேன்.

மூணு மாசம் கரூர்ல அம்மா ஊட்டுல இருந்துட்டுக் கொழந்தையோட வந்துச்சு. வந்த அன்னைக்கே நான் கம்பெனியில கணக்கை முடிச்சுட்டு நின்னுட்டேன். யாரும் நிக்கச் சொல்லலைன்னு பின்னாடி பூபதி சொன்னான். சொல்லணுங்களா இதெல்லாம்? பச்சைக் கொழந்தை ஊட்டுல இருக்குது. தண்ணி வாக்கறது, சாம்பிராணி போடறது, துணி அலசறது, தூங்க வெக்கறது, எல்லாம் நான்தான். ராத்திரிகூடக் கொழந்தை என்ற ரூம்லதான் படுக்கும். நித்யாவுக்குத் தூக்கம் வேணுமேன்னுதான். பாலு பத்தலைன்னும் நான்தான் கண்டுபிடிச்சேன். கொழந்தை அழுகுறதை வெச்சே தெரிஞ்சுபோச்சு எனக்கு. டப்பாப் பாலு வாங்கிட்டு வந்து புட்டியில பழக்கி வுட்டேன். ஒரு வாரத்துல எங்கிட்ட அப்படி ஒட்டிக்கிச்சுங்க. அவ தூக்குனா அழுகும், நான் தூக்குனா நிறுத்திரும். ஊட்டுக்கு வந்தவங்க எல்லாரும் பாத்திருக்காங்க.

இவ்வளவும் செஞ்சும் நித்யா எளைச்சுட்டே போச்சு. கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்திருக்கும். தலை சீவாது. போட்ட சோறு அப்படியே இருக்கும். டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனான் பூபதி. மனசு சரியில்லை, ரெண்டு மூணு நாளு வெளிய எங்காவது கூட்டிட்டுப் போயிட்டு வாங்கன்னாங்களாம். மனசு சரியில்லாம போறதுக்கு என்னங்க இருக்குது அதுக்கு? ஒரு வேலை உண்டா? கொழந்தையைத் தொட வேண்டியதே இல்லையே.

அன்னைக்குச் சாயங்காலம் வந்து பூபதி சொன்னான். கோத்தகிரியில ஒரு ரிசார்ட் பாத்திருக்கேன், வெள்ளிக்கெழமை போயிட்டுத் திங்கக்கெழமை வந்தர்றோம், மூணு பேரும் போறோம்னான். எனக்குச் சந்தோசமாப் போச்சு. இந்த வயசு வரைக்கும் நான் மலை ஏறுனதில்லீங்க. மூணு பேருன்னா யாரு? அவன், நித்யா, நானு. அஞ்சு மாசக் கைக்கொழந்தையை யாராவது தலைக்கணக்குல சேப்பாங்களா? அன்னைக்கே எடுத்து வெக்க ஆரம்பிச்சுட்டேன். கொழந்தைக்கு ஸ்வெட்டரு, குல்லா, மூணு ப்ளாஸ்க்கு, வசம்பு, வேலைக்காகுமேன்னு ஒரு சின்ன மண்ணெண்ணெய் ஸ்டவ்வு. ஸ்டவ்வைப் பூபதி எறக்கி வெச்சுட்டான்.

காரு வந்து நின்னுச்சு. நான் பையைத் தூக்கிட்டு, கொழந்தையை இடுப்புல வெச்சுட்டு வெளிய வந்து நின்னேன். பூபதி என்னைப் பாத்தான். அப்புறம் நித்யாவைப் பாத்தான். நித்யா தரையைப் பாத்துச்சு. டிரைவரு வந்து என்ற பையை வாங்கி டிக்கியில வெச்சாரு. நான் பின் சீட்டுல ஏறிக்கிட்டேன். நித்யா பக்கத்துல உக்காந்துச்சு. தம்பி முன்னாடி ஏறுனான். அவினாசி தாண்டுற வரைக்கும் ஒரே அமைதி. கார்ல போனா எல்லாருக்கும் தூக்கம் வருமுங்களே.

அங்க போனா, ஒரே ஒரு ரூம்தான் போட்டிருந்தான். மரத்துல கட்டுன தனி ஊடு, சுத்தி தேயிலை. ஒரு பெரிய கட்டில், கொழந்தைக்கு ஒரு தொட்டில். எனக்குப் படுக்கை கேட்டா, கவுண்டர்ல இருந்த பொண்ணு, சார் ரெண்டு பேருன்னுதானே போட்டிருக்கீங்கன்னுச்சு. மறந்திருப்பான், பாவம். வேலை டென்சன். ஒரு மெத்தை கொண்டு வந்து கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவால போட்டாங்க. அதுவே எனக்கு வசதியாப் போச்சு, தொட்டிலுக்குப் பக்கம்.

முதல் நாளு சாயங்காலம் ஒண்ணு நடந்துச்சு, சொல்றேன் கேளுங்க. நான் கொழந்தை துணியை அலசிட்டு வெளிய வர்றேன், புல்லுல ரெண்டு பேரும் உக்காந்திருக்காங்க. நித்யா மடியில கொழந்தை. அவன் ஏதோ சொல்றான், நித்யா சிரிக்குது. சத்தம் போட்டுச் சிரிக்குது. கல்யாணமான புதுசுல கேட்டது, அதுக்கப்புறம் அன்னைக்குத்தான் கேட்டேன். கொழந்தையும் அம்மா மூஞ்சியைப் பாத்து வாயைத் தொறந்து சிரிக்குது. எனக்கு மனசு நெறைஞ்சு போச்சுங்க. ஆனா பனி எறங்குது, குல்லா கூடப் போடலை. நான் போயி, பனியில வெக்காத கண்ணுன்னு சொல்லிக் கொழந்தையை வாங்கிட்டு உள்ள வந்துட்டேன். அப்புறம் சிரிப்புச் சத்தம் கேக்கலை. அந்தக் குளிருக்கு நித்யாவுக்குத் தொண்டை கட்டிருச்சோ என்னமோ, ராத்திரி வரைக்கும் பேசவே இல்லை.

அடுத்த நாளு காலையில நித்யா சீக்கிரமே எந்திரிச்சு, பாத்ரூம்ல ஒரு டப்புல வெந்நீ புடிச்சு, சோப்பு, துண்டு எல்லாம் வரிசையா எடுத்து வெச்சிருந்துச்சு. கொழந்தைக்குத் தானே தண்ணி வாக்கறதுக்கு. நான் பாத்துட்டேன். தண்ணியில கையை வெச்சா சூடு அதிகம். இல்லை, அதிகம்னும் சொல்ல முடியாது, ஆனா எனக்கு அதிகமாத்தான் பட்டுச்சு. நீ தள்ளு, உனக்கு இதெல்லாம் பழக்கமில்லைன்னேன். அது நகரலை. கொழந்தையை நெஞ்சோட புடிச்சுட்டு நின்னுச்சு.

"இங்க வந்தும் நான் குளிப்பாட்டக் கூடாதா அண்ணி?"

அப்படித்தான் கேட்டுச்சு, மெதுவா. குளிப்பாட்டு, யாரு வேண்டாங்கறா, நாளைக்குச் சொல்லித் தர்றேன்னு சொல்லிட்டுக் கொழந்தையை வாங்கி என்ற காலுல போட்டுக்கிட்டேன். அது பாத்ரூம் கதவைச் சாத்திட்டுக் குழாயைத் தொறந்து வுட்டுட்டு ஒரு மணி நேரம் உள்ளயே இருந்துச்சு. வெந்நீ சும்மா வருதில்லைங்களா, நல்லாக் குளிக்கட்டும்னு நானும் கூப்பிடலை. வெளிய வந்தப்போ கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. சோப்புப் பட்டிருக்கும்.

அன்னைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பூபதி என்னைத் தேயிலைக்குள்ள நடக்கக் கூட்டிட்டுப் போனான். எனக்கு ஒரே பெருமை. ரொம்ப நாளாச்சு அவன் எங்கூடத் தனியா நடந்து. கொஞ்ச தூரம் போனதும் நின்னான். என்ற மூஞ்சியைப் பாக்காம செடியைப் பாத்துட்டே பேசுனான். நாளைக்குக் காலையில உன்னைப் பஸ் ஏத்தி விடறேன்க்கா, நாங்க இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டு வர்றோம்னான். ஏண்டான்னேன். நித்யாவுக்குக் கொழந்தையோட தனியா இருக்கணும்னு இருக்குது, டாக்டரும் அதைத்தான் சொன்னாங்கன்னான். அப்புறம் இன்னொண்ணும் சொன்னான். திரும்பி வந்ததும் பக்கத்துலயே ஒரு வீடு பாத்துத் தனியாப் போறதா இருக்கோம், நீ தப்பா எடுத்துக்காதன்னான்.

நான் தப்பா எடுத்துக்கலீங்க. சரி சாமி, உன் இஷ்டம்னேன். கோவமாச் சொல்லலை. நல்லாத்தான் சொன்னேன். அவனுக்கே ஆச்சரியம். என்ற கையைப் புடிச்சுட்டு, நீ இப்படிச் சொல்லுவேன்னு நெனைக்கலைக்கான்னான். அவனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. அப்படிப்பட்டவங்க நானு.

ரூமுக்குத் திரும்பி வந்தோம். அதுக ரெண்டும் கட்டிலுல படுத்துதுக. நடுவால கொழந்தை. வந்ததுலிருந்து அப்பத்தான் நல்லாத் தூங்குதுக, மூணும். நான் மெத்தையில உக்காந்து நாளைக்குப் போறதுக்குத் துணியை மடிச்சு வெச்சுட்டு இருந்தேன். கொழந்தை பைதான் முதல்ல கண்ணுல பட்டுச்சு. அது எப்பவும் தயாரா இருக்கும், பழக்கம். ப்ளாஸ்க்குல வெந்நீ, பால் டப்பா, நாலு துணி, மாத்து கவுனு. அப்பக் கொழந்தை முழிச்சுருச்சு. அழுகலை. என்னையவே பாக்குது. பாத்துட்டுக் கையைக் காலை ஆட்டுது. அழுதா அதுக தூக்கம் கெட்டுருமேன்னு தூக்கிட்டேன். நித்யா கை கொழந்தை மேல இருந்துச்சு. எடுத்துட்டா கை வெறுமையாப் போயி முழிச்சுக்குமேன்னு, ஒரு சின்னத் தலகாணியை அந்த எடத்துல வெச்சேன். அவ்வளவு பதனமா வெச்சேன், அது அசையவே இல்லை.

வெளிய வெயிலு இதமா இருந்துச்சு. பையையும் எடுத்துக்கிட்டேன், பசிச்சா வேணுமில்லைங்களா. கேட்டுல வாட்ச்மேன் வணக்கம் வெச்சாரு. கொழந்தைக்கு வேடிக்கை காட்டப் போறேன்னேன். ரோட்டுக்கு வந்தா ஒரு பிள்ளையார் கோயிலு, அங்க கும்புட்டு விபூதி வெச்சு வுட்டேன். கோயிலுக்கு எதுத்தாப்புலதான் பஸ் ஸ்டாப்பு. ஒரு பஸ் வந்து நின்னுச்சு. மேட்டுப்பாளையம் பஸ். காத்து சிலுசிலுன்னு அடிக்குது, பஸ்ஸுக்குள்ள வெதுவெதுப்பா இருக்குமேன்னு ஏறுனேன். ஏறுனா உக்காரத்தானுங்களே வேணும்.

போனா? போனு ரூம்லயே சார்ஜ் போட்டிருந்தேன். அது அங்கயே இருந்துருச்சு. வேணும்னா வுட்டுட்டுப் போவாங்க?

என்னமோங்க, அந்த ஒன்றரை மணி நேரம். நான் பொய் சொல்ல மாட்டேன் உங்ககிட்ட. என்ற நாப்பத்தாறு வருசத்துல அந்த மாதிரி ஒரு ஒன்றரை மணி நேரம் எனக்கு வாய்ச்சதில்லை. வளைவுக்கு வளைவு கொழந்தை கண்ணைப் பெருசாத் தொறந்து பாக்குது. எறக்கத்துல காது அடைக்குமேன்னு வெரலை வாயில குடுத்தேன், சப்பிக்கிட்டே வந்துச்சு. பக்கத்துல ஒரு அம்மா கேரட்டு மூட்டையோட உக்காந்திருந்தாங்க. உங்க கொழந்தையான்னாங்க. ஆமான்னேன். ரொம்ப நாளு கழிச்சுப் பொறந்ததான்னாங்க. ஆமாங்க, ரொம்ப நாளு கழிச்சுன்னேன். பேரு கேட்டாங்க, பாவாயின்னேன். மூக்கு அப்படியே உங்களாட்டவேன்னாங்க. வேத்து மனுசி, அவங்களுக்கு எங்கிட்டப் பொய் சொல்ல என்ன இருக்குது? அவங்களுக்கே தெரியுது.

எங்க போகணும்னு நெனச்சேன்னு கேக்கறீங்களா? அதைத்தான் போலீஸும் கேட்டுச்சு. எங்க போவேன்? ஊட்டுக்குத்தான். மேட்டுப்பாளையத்துல எறங்கி அவினாசி பஸ் புடிச்சா, பொழுது எறங்கறதுக்குள்ள திருப்பூரு. அதுக ரெண்டும் ரெண்டு நாளு தனியா, நிம்மதியா இருந்துட்டு வரட்டுமே. ரெண்டு பேரும் கேட்டது அதுதானே. கொழந்தையை அதன்ற ஊட்டுக்குக் கொண்டு போறது எப்படீங்க கடத்தலாகும்?

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் கொழந்தை அழுக ஆரம்பிச்சுது. புட்டியில பாலு கரைச்சுக் குடுத்தேன், தள்ளி வுட்டுருச்சு. தூக்கிட்டு நடந்தேன், ஆட்டுனேன், பாடுனேன். எங்கிட்ட வந்தா நிறுத்தற கொழந்தைங்க அது. அன்னைக்கு நிறுத்தலை. வீறிட்டு அழுகுது, ஒடம்பெல்லாம் செவந்து போச்சு. சனங்க திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க. அவினாசி பஸ் வந்து கெளம்பிப் போயிருச்சு, இந்த அழுகையோட ஏற முடியலை. அடுத்ததுக்கு நிக்கறேன், ரெண்டு லேடி போலீஸ் வந்தாங்க. கையில போனு, போனுல கொழந்தை போட்டோ.

கொழந்தை உங்களுதான்னாங்க. ஆமான்னுட்டேன். பஸ்ல சொல்லிச் சொல்லி அதே வாயில வந்துருச்சு. அதுதான் தப்பாப் போச்சு. அத்தைன்னு சொல்லியிருந்தா அவங்களும் சும்மா வுட்டிருப்பாங்க. ஒரு போலீஸம்மா கொழந்தையை வாங்கிட்டாங்க. இன்னொரு அம்மா என்ற முழங்கையைப் புடிச்சுக்கிட்டாங்க. வலிக்கற மாதிரி இல்லை. ஆனா வுடவும் இல்லை.

ஒரு மணி நேரம் கழிச்சு அதுக ரெண்டும் வந்துதுக. நித்யா கால்ல செருப்பில்லை. நைட்டி மேல துப்பட்டாவைச் சுத்திட்டு வந்திருக்குது. மாருல பாலு கட்டி ஒழுகி, முன்பக்கம் பூராவும் நனைஞ்சு கெடக்குது. நான் பாத்துட்டே நின்னேன். பாலே இல்லைன்னு நெனச்ச புள்ளைக்கு. அது நேரா வந்துச்சு. போலீஸ்கிட்ட இருந்து கொழந்தையை வாங்குச்சு, அங்கயே தரையில, அத்தனை சனத்துக்கு நடுவால, எச்சையும் தண்ணியும் கெடக்கற எடத்துல உக்காந்து பாலு குடுத்துச்சு. கொழந்தை அழுகையை நிறுத்திருச்சு. பெஞ்சுல உக்காரு கண்ணு, ஈரம்னு நான்கூடச் சொன்னேன். ஒரு தடவை நிமிந்து பாத்துச்சு.

"நான் எந்திரிச்சுத் தடவிப் பாத்தேன் அண்ணி. தலகாணிதான் இருந்துச்சு."

அவ்வளவுதான் சொல்லிச்சு. அதுக்கு அப்புறம் இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை கெடையாது.

கேஸ் குடுக்கறீங்களான்னு போலீஸம்மா பூபதியைக் கேட்டாங்க. அவன் எங்கக்காங்க, வேண்டாங்கன்னான். எழுதிக் குடுத்துட்டு வந்தான். நான் காருக்குப் போயி நின்னேன், பின் சீட்டுப் பக்கம். அவன் என்ற பையை மட்டும் டிக்கியிலிருந்து எடுத்துட்டு வந்து குடுத்தான். அதையும் எடுத்துட்டுத்தான் வந்திருக்கான், யோசிச்சிருக்கான். என்னை அவினாசி பஸ்ல ஏத்தி வுட்டான். அவன் திட்டுவான்னு நெனச்சேன். திட்டியிருந்தா ஆறியிருக்கும். சின்னதுல நான் எத்தனை அடி அடிச்சிருக்கேன் அவனை, அதுல ஒண்ணைத் திருப்பிக் குடுத்திருந்தாக்கூட வாங்கிட்டிருப்பேன். அவன் ஜன்னலுக்குக் கீழ நின்னுட்டு மெதுவாச் சொன்னான்.

"உன்மேல கோவம் வரலைக்கா. கோவம் வந்தாத் தேவலை. பயமா இருக்குது."

எங்கிட்டங்க. என்ற இடுப்புல வளந்தவன்.

அதுக திருப்பூருக்கு வந்து ரெண்டு நாளுல ஊட்டைக் காலி பண்ணிட்டுக் கரூருக்கே போயிருச்சுக. அவன் அங்க ஒரு கம்பெனியில சேந்துட்டான். நான் போன் பண்ணுனா எடுக்க மாட்டான். ராத்திரி மெசேஜ் வரும், நல்லா இருக்கோம், நீ மாத்திரை சாப்பிட்டியான்னு. அதுல கொழந்தை பத்தி ஒரு எழுத்து இருக்காது. ஆறு மாசமா அப்படித்தான். நான் இப்ப என்ன பண்றேன்னா, திரும்பக் கம்பெனிக்குப் போறேன். பழைய எடம் கெடைக்கலை, பனியன்ல நூல்பிசிறு வெட்டற வேலை. ஊட்டுல ஒரு தொட்டில் கட்டியிருந்தேன் உத்தரத்துல, அவுக்கலை. அவுத்தா மறுபடியும் கட்ட ஆளு வேணுமேன்னு வுட்டுட்டேன். யாரு வரப்போறா? யாரும் வர மாட்டாங்கன்னு எனக்கும் தெரியுமுங்க. நான் ஒண்ணும் தெரியாதவ இல்லை.

காதுகுத்துன்னு எங்க சித்தப்பா மகன் சொல்லித்தான் தெரியும். எனக்குப் பத்திரிக்கை வரலை. அத்தை இல்லாம என்னங்க காதுகுத்து? நானே ஒரு பாவாடை சட்டை தெச்சு எடுத்துட்டுப் போனேன். காலையில ஆறு மணிக்கே பஸ் ஏறுனேன். மண்டபத்துல கடைசி வரிசையில ஒரு சேருல உக்காந்துட்டேன். நான் யாரையும் தொந்தரவு பண்ணலை. மாமன்காரன் மடியில வெச்சு மொட்டையடிச்சு, காது குத்துனாங்க. பதினோரு மாசம் ஆச்சுங்க கொழந்தைக்கு. கன்னமெல்லாம் உப்பி, மொட்டைத் தலையில சந்தனம் பூசி, அடையாளமே தெரியலை. நித்யாவும் நல்லாப் பூசுனாப்புல ஆயிருச்சு. மேடையில நின்னு யாரோ பேசுனதுக்குச் சிரிச்சுச்சு. அந்தச் சிரிப்போடவே கண்ணு சுத்தி வந்து எம்மேல பட்டுச்சு. சிரிப்பு நின்னுருச்சு. பூபதிகிட்ட ஏதோ சொல்லிச்சு. அவன் என்னைப் பாத்துத் தலையை ஆட்டுனான். வாங்கற மாதிரியும் இருந்துச்சு, போங்கற மாதிரியும் இருந்துச்சு. நான் வாங்கறதுன்னு எடுத்துக்கிட்டேன்.

அப்புறம் கொழந்தை கைக்குக் கை மாறி மாறிப் போயிட்டு இருந்துச்சு. எல்லாரும் தூக்கிக் கொஞ்சறாங்க. சொந்தம், அக்கம் பக்கம், யாரு யாரோ. அப்படியே பின்னாடி வரிசைக்கு வந்துருச்சு. கரூர்க்காரப் பொம்பளை ஒருத்தி, என்னை யாருன்னே தெரியாது அவளுக்கு, பந்தியில எடம் புடிக்கணும், சித்த வெச்சிருங்கன்னு சொல்லி என்ற மடியில உக்கார வெச்சுட்டுப் போயிட்டா.

அழுகலீங்க. என்ற மூஞ்சியைப் பாத்துச்சு. தெரிஞ்ச மாதிரி இல்லை, எந்த மூஞ்சியையும் பாக்கற மாதிரிதான் பாத்துச்சு. அப்புறம் என்ற சங்கிலியைப் புடிச்சு வாயில வெச்சுக்கிச்சு. கனமா இருக்குது. காதுல ரெண்டு பொட்டு ரத்தம் காஞ்சு போயி இருக்குது. நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பாவாயின்னேன். திரும்பலை. அப்புறம் எனக்கு வராத அந்தப் பேரைச் சொன்னேன். சட்டுனு திரும்பிச் சிரிச்சுச்சு.

தலையைத் தூக்குனா, மேடையிலிருந்து பூபதி ஓடி வர்றான். நடந்து வரலைங்க, ஓடி வர்றான். சேரையெல்லாம் தள்ளிட்டு, யாரோ ஒரு பெரியவரை இடிச்சுட்டு. மேளக்காரங்ககூட நிறுத்திட்டுப் பாக்கறாங்க. அத்தனை சனமும் திரும்பி, எதுக்கு இவன் இப்படி ஓடறான்னு, அவன் ஓடற எடத்தைப் பாக்குது. என்னைப் பாக்குது. மூச்சு வாங்க வந்து நின்னு, கையை நீட்டுனான். நானே தூக்கிக் குடுத்துட்டேன். சங்கிலியை வுடாமப் புடிச்சிருந்துச்சு கொழந்தை, அவன்தான் ஒவ்வொரு வெரலாப் பிரிச்சான்.

பாவாடை சட்டையைச் சேரு மேலயே வெச்சுட்டு வந்துட்டேன். எடுத்தாங்களோ என்னமோ.

நீங்களே சொல்லுங்க. நான் எந்திரிக்கக்கூட இல்லீங்க. உக்காந்த எடத்துலயேதான் உக்காந்திருந்தேன். உள்ள ஒரே புழுக்கம், கொழந்தைக்குக் கழுத்து மடிப்பெல்லாம் வேர்த்து ஊத்துது. மண்டபத்துக்கு வெளிய ஒரு வேப்பமரம் நின்னுச்சு, நல்ல நெழலு. அங்க கொண்டு போயிச் சித்த காத்தாட வெச்சிருக்கலாம்னு நெனச்சேன்.

நெனச்சது மட்டுந்தானுங்க.